ரியோ டின்டோவின் இரும்புத் தின்னிகள்

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் ரியோ டின்டோ ஆறு செக்கச்செவேல் என்றிருக்கும். அதன் பி.எச். அளவு சுமார் 2.3. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அது. அந்த நீரில் வாழும் பாக்டீரியாக்களைக் கொடுமையைத் தாங்கும் உயிர்கள் என்றே வழக்கமாக அறிமுகப்படுத்துகிறார்கள். அது பொருந்தாத அறிமுகம் என்பேன். அவற்றில் ஒன்றான லெப்டோஸ்பைரில்லம் ஃபெர்ரோஆக்சிடன்ஸ் இரும்பை மட்டுமே உண்ணும். அமிலம் இல்லாவிட்டால் அதற்குப் பட்டினிதான்.

பெரஸ் இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் சேர்க்கும்போது கிடைக்கும் சொற்ப ஆற்றலில்தான் அதன் பிழைப்பு ஓடுகிறது. நடுநிலை நீரில் காற்றுப் பட்ட சிறிது நேரத்திலேயே அந்த இரும்பு தானாகத் துருவாகிப் படிந்துவிடும். இலை போடுமுன் சோறு தீர்ந்த கதை. அமில நீரிலோ அது கரைந்தபடி நெடுநாள் காத்திருக்கும். இன்னொரு ஆதாயமும் உண்டு. செல்லின் உள்ளே கிட்டத்தட்ட நடுநிலை. வெளியே புரோட்டான்கள் பல்லாயிரம் மடங்கு அதிகம். மதகு நீர் சுழலியைச் சுற்றுவதுபோல, அவை உள்ளே பாயும் வேகத்தில் செல்லுக்கான ஆற்றல் உருவாகிறது. பாய்ந்தவை அப்படியே தேங்கினால் செல் செத்துவிடும். இரும்பிடம் பறித்த எலக்ட்ரான் இங்கே கைகொடுக்கிறது: அது ஆக்சிஜனோடும் அந்தப் புரோட்டான்களோடும் சேர்ந்து வெறும் தண்ணீராகிறது. ஒரே எலக்ட்ரானில் உணவும் காவலும் அமைந்த இந்த ஏற்பாட்டை வியக்காமல் இருக்க முடியவில்லை.

இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் பாறையில் காற்றும் நீரும் பட்டாலே அமிலம் கசியுமே, பாக்டீரியா எதற்கு என்று கேட்கலாம். கசியும், ஆனால் பாறையை வேகமாக அரிப்பது எலக்ட்ரானை இழந்த பெர்ரிக் இரும்பு. அரித்து முடித்ததும் அது பெரஸ் ஆகிவிடும். மீண்டும் பெர்ரிக் ஆனால்தான் வேலை தொடரும். அமிலத்தில் அந்த மாற்றம் தானாக நடப்பது மிக மெதுவாக. நுண்ணுயிர்கள் அதைப் பத்து லட்சம் மடங்குவரை விரைவுபடுத்துகின்றன என்று ஆய்வாளர்கள் சிங்கரும் ஸ்டம்மும் 1970இல் காட்டினார்கள். சுமார் 5,000 ஆண்டுகளாகத் தோண்டப்படும் பகுதி ஆயிற்றே, ஆற்றின் இந்தப் புளிப்பு சுரங்கத்தின் கேடுதானே என்பது வலுவான கேள்வி. ஆனால் கரையோர மேடுகளில் இறுகியிருக்கும் பழைய இரும்புப் படிவுகளின் வயது லட்சக்கணக்கான ஆண்டுகள். மனிதன் தோண்டத் தொடங்குமுன்பே ஆறு புளித்திருந்தது. அதனால் சுரங்கத்தின் குற்றம் குறைந்துவிடாது: புதைந்திருந்த பைரைட்டை உடைத்துக் காற்றில் பரப்பி, இந்த உயிர்களுக்குத் தீராத தீனி போட்டது அதுதான். சுரங்கம் மூடிய பிறகும் அவை ஓய்வதில்லை. எனவே எங்கு கந்தகக் கனிமச் சுரங்கம் வந்தாலும், பைரைட் கழிவைக் காற்றும் நீரும் படாமல் எப்படி மூடப்போகிறீர்கள் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.