இரட்டை நூலின் நம்பர்

இயற்கணிதத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டோம் என்று நகைக்கும் அங்கத்தினர்கள் பலர். ஆயினும் நாம் சமீபத்தில் தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், 800 கிராம் நூல் இக்கணிதத்தின் பொருட்டே வழக்கிற்கு வந்தது.

40-ம் நம்பர் இழை ஒன்றும் 60-ம் நம்பர் இழை ஒன்றும் சேர்த்து முறுக்கிய நூலைப் பெற்று, ஒரு நெசவாளர் விரிப்புகள் நெய்து கொடுத்தார். கழிவு போக 20 கிலோ சென்றது என்பது அவர் கணக்கு. குமாஸ்தாவோ 40-க்கும் 60-க்கும் சராசரி 50, இரண்டு இழை ஆதலால் அதில் பாதி 25 என்று ஏட்டில் எழுதியிருந்தார். அதன்படி 19.2 கிலோவே போதும். மீதி 800 கிராமின் விலையைக் கூலியில் பிடிப்பதென்று முடிவாயிற்று. துணியை நிறுத்துக் காட்டியபோது, அதிகமாக நிற்பது கஞ்சியின் எடை என்று கூறிவிட்டனர். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை.

நூலின் நம்பர் என்பது யாது? 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டில் எத்தனை சிட்டம் அடங்குமோ அதுவே நம்பர். இன்று நாம் கிலோவில் நிறுத்தாலும் நம்பர் மட்டும் அப்பழைய அளவையிலேயே நிற்கிறது. ஆகவே 40-ம் நம்பரில் ஒரு சிட்டத்தின் எடை 1/40 பவுண்டு. 60-ம் நம்பரில் 1/60 பவுண்டு. இரண்டையும் சேர்த்து முறுக்கினால் நீளம் ஒரு சிட்டமே, எடைதான் கூடுகிறது. நம்பர்களைக் கூட்டுவதில் பொருளில்லை. தெரியாத நம்பரை 'அ' எனக் கொள்வோம்.

1/அ = 1/40 + 1/60

கீழ் எண்களை 120 ஆக்கினால் 3/120 + 2/120 = 5/120. அதாவது 1/24. எனவே அ = 24. முறுக்கில் நீளம் சிறிது சுருங்குவதால், உண்மையில் 24-க்கும் சற்றுக் குறைவாகவே நிற்கும்.

இரண்டு இழையும் ஒரே நம்பராயின் பாதியாக்குவது சரியே. 40-ம் 40-ம் சேர்ந்தால் 20. பல காலம் பிழையின்றி நடந்த அப்பழக்கமே குமாஸ்தாவை ஏமாற்றியது. 25-ஐ அடித்து 24 என்று திருத்தியதும் பற்று நீங்கிற்று.

கீழ் எண்ணைச் சமமாக்குவது நமக்குப் புதிதன்று. எண்சுவடி பயின்ற முன்னோர் கால், மா, காணி ஆகியவற்றைக் கூட்ட வேண்டின், 80, 16, 4 முந்திரி என மாற்றி 100 முந்திரி என்பர். முந்திரி 1/320 அன்றோ?

பயிரிடுவோருக்கும் ஒன்று. ஒருவர் தம் நிலத்தில் மூன்றிலொரு பங்கில் பருத்தியும் நாலிலொரு பங்கில் சோளமும் விதைத்தார். மீதி 2½ ஏக்கர் தரிசு. மொத்த நிலம் 'அ' ஆயின், விதைத்தது அ/3 + அ/4, அதாவது 7அ/12. எஞ்சிய 5அ/12 என்பதே 2½ ஏக்கர். ஆகவே அ = 6.

இனி நூலுக்கே திரும்புவோம். 30-ம் நம்பருடன் வேறோர் இழையை முறுக்கியதில் 20-ம் நம்பர் கிடைத்தது. அவ்விழை எந்த நம்பர்? 1/20-லிருந்து 1/30-ஐக் கழித்தால் 1/60. எனவே 60-ம் நம்பர். தங்கள் சங்கத்தின் இருப்பேட்டில் கலப்பு இரட்டை நூல் இருப்பின், அதன் எதிரே எழுதப்பட்டுள்ள நம்பரை இவ்வாறே ஒத்துப் பார்க்கவும்.