ஆரம்ப வகுப்பில் அதிகாரமும் சுதந்திரமும்

“பிரம்பைப் பறிச்சிட்டாங்க, இனி இந்தப் புள்ளைகள எப்படி மேய்க்கிறது?” ஆசிரியர் ஓய்வறைகளில் இக்கேள்வி இன்னும் ஓயவில்லை. உடல் தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வெளிவந்தது 2005இல். ஆனாலும் “அடிச்சாவது படிப்பியுங்க சேர்” என்று பிள்ளையைக் கையளிக்கும் வாப்பாமார் இன்றும் இருக்கிறார்கள். அடியாத மாடு படியாது என்பது மாட்டைப் பற்றிச் சொன்னது. அதைப் பிள்ளைக்குப் பொருத்தியவர்கள் நாம்தான்.

பிரம்பைக் கீழே வைத்தபோது வகுப்பையும் சேர்த்துக் கைவிட்டவர்களும் உண்டு. விரும்பியதைச் செய்யட்டும் என்று விட்டுவிடுவதை அவர்கள் சுதந்திரம் என்கிறார்கள். அப்படியான வகுப்பில் நாலைந்து பலசாலிகள்தான் சுதந்திரமாக இருப்பார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை தன்னுடைய அழிறப்பரைக்கூடக் காப்பாற்றிக்கொள்ள முடியாது.

உளவியலாளர் கேர்ட் லெவினும் அவரது சகாக்களும் அமெரிக்காவில் பத்து வயதுச் சிறுவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 1939இல் வெளியானது. கட்டளையிடும் தலைவர், கலந்துபேசும் தலைவர், எதிலும் தலையிடாத தலைவர் என மூவகைத் தலைமையின் கீழ் சிறுவர்கள் வேலை செய்தனர். கட்டளைக்குப் பழகியவர்கள், தலைவர் அறையைவிட்டு வெளியேறியதும் வேலையில் தளர்ந்தனர். கலந்துபேசிய குழு பெரும்பாலும் தன் வேலையைத் தொடர்ந்தது. தலையிடாத குழுவில் நடந்த வேலையே குறைவு. அதன் தரமும் குறைவு.

நமது ஆரம்பக் கல்வித் திட்டமும் இதற்கு இடம் தந்திருக்கிறது. 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று கற்றலை மூன்றாகப் பிரித்தது. முதலிரு தரங்களில் விளையாட்டு முதன்மை பெறும். தரம் ஐந்தில் மேசை வேலை கூடும். விளையாட்டுங்கூட வழிகாட்டலுடன்தான். எல்லையை ஆசிரியர் வரைவார், அதற்குள் பிள்ளை ஓடித் திரியும்.

வகுப்பில் இதை எப்படிச் செய்வது? எதைக் கற்க வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கிறேன். முதலில் கணக்கா வாசிப்பா, தனியாகவா சோடியாகவா என்பதைப் பிள்ளைகள் தெரிவு செய்கிறார்கள். ஒழுங்கு விதிகளைச் சேர்ந்தே ஆக்குகிறோம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்டனையைப் பிள்ளைகளிடம் கேட்டால் நம்மைவிடக் கடுமையாகவே சொல்வார்கள்: “சத்தம் போட்டா நாள் முழுக்க முழங்கால்ல வைங்க சேர்!” அவர்கள் கண்டு வளர்ந்தது அதைத்தான். அந்த இடத்தில் ஆசிரியர் அதிகாரத்தோடு மறுக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினவர் துடைக்கட்டும், புத்தகத்தைக் கிழித்தவர் ஒட்டிக் கொடுக்கட்டும். அதோடு விடயம் முடிந்தது. அடிப்பதும் கேலி செய்வதும் பற்றி மட்டும் வாக்கெடுப்புக் கிடையாது. அவை எப்போதும் தடை.

தரம் ஏற ஏறப் பிள்ளையின் தெரிவும் கூட வேண்டும். நடப்பதோ நேர்மாறு. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க, தரம் நாலிலேயே கடந்தகால வினாத்தாள்கள் வந்து இறங்குகின்றன. ஒன்பது வயதில் அதற்கு முந்திய வயதிலிருந்த சுதந்திரமும் போய்விடுகிறது. இதில் பெற்றோருக்கும் பங்குண்டு, நமக்கும் பங்குண்டு. நாளொன்றுக்கு ஒரு பாடவேளையையாவது பிள்ளையின் தெரிவுக்கு ஒதுக்கினால் புள்ளி குறைந்துவிடாது.

அலுவலகத்துக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வாருங்கள். வகுப்பு தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தால், உங்கள் அதிகாரம் நல்ல நிலையில்தான் இருக்கிறது.