தூண்டியவர் கல்லாவில் உட்கார மாட்டார்

காலாவதியான சரக்கின் தேதியை அழித்து விற்கச் சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. "ஊரே செய்கிறது அண்ணாச்சி, ஏதாவது வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். வார்த்தைக்கு ரசீது கிடையாது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, 27-ஆவது பிரிவு சொல்வதென்ன? தேதி முடிந்தபின் விற்றால் விற்றவரே பொறுப்பு. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கும் அப்படியே. 26-ஆவது பிரிவின்படி பில்லே தரத்துக்கு உத்தரவாதம். பில் இல்லாமல் வாங்காதீர்கள். தேதி முடிந்ததை அன்றே தனியே எடுத்து வையுங்கள்.

தூண்டியவருக்கும் பாவத்தில் பங்குண்டு. அதனால் நம் பங்கு குறைவதில்லை. அந்த பிஸ்கட்டைத் தின்பது நம் தெருக் குழந்தை. எடுத்துக் கொடுத்தது நம் கை.