எட்டுப் பேர் நால்வரான கணக்கு

அமெரிக்காவின் 'நோ டவுட்' குழு 1992-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது அதில் 8 பேர் இருந்தார்கள். விற்றது சுமார் 30,000 பிரதி. 1995 அக்டோபர் 10 அன்று 'டிராஜிக் கிங்டம்' வந்தபோது குழு உறுப்பினர் என்று எஞ்சியவர்கள் 4 பேர். அந்த ஆல்பம் உலகெங்கும் சுமார் 1 கோடியே 60 லட்சம் பிரதி விற்றது. தலை எண்ணிக்கை பாதியாயிற்று, விற்பனையோ 500 மடங்குக்கு மேல் ஏறிற்று. இந்த இரண்டு வரியை மட்டும் பார்ப்பவர், ஆட்குறைப்பால் வந்த லாபம் என்று எழுதிவிடுவார். இடையில் உள்ள வரிகளையும் படித்தால் வேறு செய்தி கிடைக்கிறது.

ஆள் கணக்கு

நோ டவுட் வாசித்த ஸ்கா, 1950-களின் இறுதியில் ஜமைக்காவில் பிறந்த இசை. கிட்டார் தாளத்தின் இடைவெளியில் வெட்டி வெட்டி விழும். மேலே டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் முழங்கும். அதில் பங்க் வேகத்தைக் கலந்தால் ஸ்கா பங்க். ராக் குழு ஒன்றை 4 பேரை வைத்து ஓட்டிவிடலாம். ஸ்காவுக்கு ஊதுகருவிக்காரர்களும் வேண்டும் என்பதால் செலவு தொடக்கத்திலேயே கூடிவிடுகிறது.

நோ டவுட்டின் வருகைப் பதிவு இது:

1986: கலிஃபோர்னியாவின் அனஹெய்ம் நகரில் தொடக்கம். கீபோர்டில் எரிக் ஸ்டெஃபனி, முதன்மைப் பாடகர் ஜான் ஸ்பென்ஸ், துணைக்குரல் எரிக்கின் தங்கை க்வென்.
1987: பேஸ் கிட்டாருக்கு டோனி கனால். இந்தியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பென்ஸ் மரணம். பின்னர் க்வென் முதன்மைப் பாடகி.
1988: கிட்டாருக்கு டாம் டுமாண்ட்.
1989: டிரம்ஸுக்கு ஏட்ரியன் யங்.
1992: மேற்கண்ட ஐவரோடு ஊதுகருவிக்காரர் மூவர். மொத்தம் 8.
1995: க்வென், டோனி, டாம், ஏட்ரியன். மொத்தம் 4.

ஊதுகருவிக்காரர்கள் போனாலும் ஒலி போகவில்லை. 'டிராஜிக் கிங்டம்' பதிவில் கேப்ரியல் மக்நேர் டிராம்போனும் ஃபில் ஜோர்டன் டிரம்பெட்டும் வாசித்தார்கள். சிதாருக்கு அலோக் தாஸ்குப்தா வந்தார். இவர்கள் பெயர் அட்டையில் உண்டு, குழுவின் நால்வர் பட்டியலில் இல்லை. இது வருமானப் பங்கீட்டைத் தொடும் விஷயம். நிகழ்ச்சிக்கு 1,000 டாலர் வந்தால் எட்டுப் பேருக்குத் தலைக்கு 125. நான்கு பேருக்கு 250, ஆனால் அதிலிருந்து வாடகைக் கலைஞரின் கூலியைக் கழிக்க வேண்டும். பங்குதாரர் கூலிக்காரராக மாறும்போது செலவு மறைவதில்லை. வேறு தலைப்புக்கு நகர்கிறது, அவ்வளவுதான்.

நேரக் கணக்கு

முதல் ஆல்பம் விலைபோகாததால் அதை வெளியிட்ட இன்டர்ஸ்கோப் நிறுவனம் சுற்றுப்பயணத்துக்குப் பணம் தரவில்லை. குழுவே கைக்காசைப் போட்டுப் பயணம் போயிற்று. அடுத்த ஆல்பத்தின் வேலை 1993 மார்ச்சில் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை ஆண்டு இழுத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 11 ஸ்டூடியோக்களில் துண்டு துண்டாகப் பதிவு நடந்தது. நிறுவனம் மேத்யூ வைல்டரைத் தயாரிப்பாளராக அமர்த்தியது. அதுவரை பாட்டுகளின் போக்கைத் தீர்மானித்துவந்த எரிக்குக்கு, வெளியார் கைக்கு அது போவது பிடிக்கவில்லை. ஒத்திகைக்கு வருவதைக் குறைத்தார். 1994-இல் விலகி, 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் அனிமேஷன் வேலைக்குத் திரும்பினார். அதே காலத்தில் க்வென், டோனி இருவரின் 7 ஆண்டுக் காதலும் முறிந்தது. டோனி குழுவிலேயே இருந்தார். பல பாட்டுகளுக்கு வரி அந்த முறிவிலிருந்து வந்தது. அந்தப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவரும் அவரே.

காத்திருந்து சலித்த குழு, பீக்கன் அவென்யூ வீட்டு கராஜில் பதிந்தவற்றையும் சேர்த்து 1995 மார்ச்சில் 'தி பீக்கன் ஸ்ட்ரீட் கலெக்‌ஷன்' என்ற ஆல்பத்தைத் தானே வெளியிட்டது. அந்த ஆண்டில் 1,00,000 பிரதிக்கு மேல் விற்றது. பெரிய நிறுவனம் விற்றது 30,000, கராஜ் விற்றது அதைப் போல் மூன்று மடங்கு. 'டிராஜிக் கிங்டம்' கடைசியில் இன்டர்ஸ்கோப்புடன் இணைந்து செயல்பட்ட டிராமா ரெக்கார்ட்ஸ் பெயரில் வெளிவந்தது.

பாட்டுக் கணக்கு

ஆல்பத்தில் 14 பாட்டுகள். எழுதியவர் பெயர்களை எண்ணினால் வருவது:

க்வென்: 12
டோனி: 9
எரிக்: 7
டாம்: 5
ஏட்ரியன்: 0

வெளியேறிய எரிக்கின் பெயர் சரிபாதிப் பாட்டுகளில் இருக்கிறது. அவற்றில் இரண்டை அவர் தனியாக எழுதினார். ஒன்று ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு. உலகம் அதிகம் கேட்ட 'டோன்ட் ஸ்பீக்' அண்ணனும் தங்கையும் சேர்ந்து எழுதியது. மறுபக்கம், ஒரு பாட்டிலும் பெயர் இல்லாத டிரம்மர் குழுவின் முழு உறுப்பினர்.

இதன் பண மதிப்பை ஒரு மாதிரிக் கணக்கால் காட்டலாம். இது இந்தக் குழுவின் ஒப்பந்தத் தொகை அன்று, பொதுவான வீதம். 1996, 1997 ஆண்டுகளில் 5 நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டு ஒன்றுக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் அமெரிக்கச் சட்டம் வைத்த உரிமைத்தொகை 6.95 சென்ட். 10 லட்சம் பிரதிக்கு 69,500 டாலர். பாடகரே எழுதிய பாட்டுக்கு நிறுவனங்கள் வழக்கமாக முக்கால் பங்குதான் தரும் என்பதால் 52,125. இருவர் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 26,062.50.

முக்கியமான வேறுபாடு இனிமேல்தான். குழுவுக்குரிய ராயல்டியில் ஸ்டூடியோ வாடகை, தயாரிப்பாளர் சம்பளம், முன்பணம் எல்லாம் கழிந்த பிறகே கையில் காசு விழும். எழுதியவர் உரிமைத்தொகை வழக்கமாக அந்தக் கழிவில் சேராது. 11 ஸ்டூடியோக்களின் வாடகை குழுவின் கணக்கில் நிற்க, எழுதியவருக்கு முதல் பிரதியிலிருந்தே வரவு ஓடும் ஏற்பாடு இது.

விற்பனைக் கணக்கு

வெற்றி உடனே வரவில்லை. 'டிராஜிக் கிங்டம்' 1996 ஜனவரியில் அமெரிக்க ஆல்பங்களுக்கான பில்போர்டு 200 பட்டியலில் 175-ஆம் இடத்தில் நுழைந்தது. முதலிடத்துக்கு டிசம்பரில்தான் வந்தது. வெளியாகி 14 மாதம். அங்கே 9 வாரம் இருந்தது. 'டோன்ட் ஸ்பீக்' வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரம் முதலிடம். தனி சிங்கிளாக அமெரிக்கக் கடைகளுக்கு வராததால், அன்றைய விதிப்படி முதன்மைப் பட்டியலான ஹாட் 100-இல் அதற்கு இடமே இல்லை. பாட்டு வேண்டியவர் முழு ஆல்பத்தையும் வாங்க வேண்டியிருந்தது. 1999-இல் அமெரிக்க விற்பனை மட்டும் 1 கோடி எனச் சான்று கிடைத்தது. இதற்குள் டிராமா, இன்டர்ஸ்கோப் இரண்டுக்கும் சண்டை மூண்டு, 1997-இல் 10 கோடி டாலர் கேட்டு வழக்கு. நீதிமன்றத்துக்கு வெளியே 30 லட்சம் டாலரில் தீர்ந்தது.

எரிக் இல்லாமல் எழுதிய அடுத்த ஆல்பம் 'ரிட்டர்ன் ஆஃப் சாட்டர்ன்' வர 2000 ஏப்ரல் ஆயிற்று. நாலரை ஆண்டு இடைவெளி. பில்போர்டு 200 பட்டியலில் 2-ஆம் இடம்.

எட்டிலிருந்து நான்காகச் சுருங்கியதால் நோ டவுட் ஜெயித்தது என்பது தவறான கணக்கு. போனவர் விட்டுச் சென்ற 7 பாட்டும், கூலிக்கு ஊதியவர்களின் மூச்சும் அந்த 1 கோடியே 60 லட்சத்தில் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு குழு உடைந்ததா நிலைத்ததா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், மேடையில் நிற்பவர்களோடு ஆல்பத்தின் உள் அட்டையில் உள்ள பெயர்களையும் எண்ணிப் பாருங்கள்.