ஒரு கையில் வண்டி, மறு கையில் செல்போன்!

செல்போனில் வந்த செய்தியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்தே விநாடிதான். அந்த ஐந்து விநாடியில் வண்டி எவ்வளவு தூரம் ஓடிவிடும், தெரியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. ஐந்து விநாடியில் 83 மீட்டர்! கண்ணைக் கட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் ஓட்டச் சொன்னால் யாராவது சம்மதிப்பார்களா? அதற்குள் குறுக்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓடி வரலாம். முன்னால் போகிற பஸ் சட்டென்று நிற்கலாம்.

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி நடந்தது. கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்க முதல்-மந்திரி ஜோதிபாசு பேசினார். டெல்லியில் மத்திய மந்திரி சுக்ராம் கேட்டார். அன்று அது பெரிய இடத்துச் சாதனம். இன்று செல்போன் இல்லாத சட்டைப் பை அபூர்வம். வசதி பெருகியது; கூடவே ஆபத்தும் பெருகியது.

2021-ம் ஆண்டில், ஓட்டும்போது செல்போன் உபயோகித்ததால் நாட்டில் 1,997 விபத்துக்கள் நேர்ந்தன. 1,040 பேர் மாண்டார்கள். இது மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு.

காதில் மாட்டினால் போதுமா?

"கையில் பிடிக்கவில்லையே, காதில் அல்லவா மாட்டியிருக்கிறேன்!" என்பார்கள் சிலர். இது வெறும் சமாதானம். விபத்தில் சிக்கிய 699 டிரைவர்களைப் பற்றி கனடாவில் உள்ள டொரண்டோ நகரில் ஆராய்ந்தார்கள். முடிவு 1997-ல் வெளிவந்தது. போனில் பேசும்போது விபத்து அபாயம் நான்கு மடங்கு என்று தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அபாயம் குறையவில்லை. காரணம் என்ன? கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இல்லை. கண் ரோட்டைப் பார்க்கிறது. கருத்து பேச்சில் இருக்கிறது.

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டும், கழுத்தைச் சாய்த்துத் தோளில் இடுக்கிக்கொண்டும் போகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் சொல்வது

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஓட்டும்போது கையில் போனை வைத்து உபயோகிப்பது ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றத்தில் சேரும். முதல் தடவைக்கு 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கவனம் சிதறாத முறையில் வழி பார்க்க மட்டும் அனுமதி இருக்கிறது.

என்ன செய்யலாம்?

* வழி பார்க்க வேண்டுமானால், புறப்படும் முன்பே ஊரைப் பதிந்து, போனைத் தாங்கியில் வைத்துவிடுங்கள்.

* மணி ஒலிக்காதபடி செய்துவிடுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் பேசட்டும்.

* அவசரம் என்றால், போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. "எங்கே வருகிறீர்கள்?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பது அன்பினால்தான். ஆனால் அந்த அன்பே எமனாகிவிடக் கூடாது. "வண்டியில் இருக்கிறேன்" என்று பதில் வந்தால், "சரி, வந்து பேசலாம்" என்று உடனே வைத்துவிடுங்கள்.

தவறிப்போன அழைப்புக்குத் திரும்பப் பேசிக்கொள்ளலாம். தவறிப்போன உயிர் திரும்பாது!