தோலில் தெரியும் ஈரலின் நலிவு

ஈரல் தான் பழுதுற்றமையை நோவின் மூலம் அறிவிப்பது அரிது. ஆனால், அதன் நலிவு பல வேளைகளில் தோலில் வெளிப்பட்டுவிடுகின்றது.

இவற்றுள் யாவரும் அறிந்தது செங்கமாரி. பழைய செங்குருதிக்கலங்கள் சிதைவதால் உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருளை ஈரல் அகற்றத் தவறும்போது கண்களின் வெண்பகுதியும் தோலும் மஞ்சளாகின்றன. பித்தநீரின் ஓட்டம் தடைப்படின், தடிப்பு ஏதுமின்றியே உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் கடும் அரிப்பு ஏற்படலாம். மார்பில் சிலந்தியின் கால்களைப் போல விரியும் செந்நிற நுண்நாளங்களும், சிவந்த உள்ளங்கைகளும் நாட்பட்ட ஈரல் நோயின் அடையாளங்களாக இருக்கக்கூடும். குருதியை உறையச் செய்யும் புரதங்களுட் பெரும்பாலானவற்றை ஆக்குவதும் ஈரலே. எனவே, அது நலிவுற்றால் சிறு மோதலிலும் தோல் கன்றிப்போகின்றது.

இவற்றுட் சில கர்ப்பிணிகளிடமும் ஆரோக்கியமானவர்களிடமும் காணப்படுவதுண்டு. ஆகவே, அச்சம் தேவையில்லை, அலட்சியமும் ஆகாது. அரிப்புக்குக் களிம்பு பூசியும், செங்கமாரிக்குக் கீழ்காய்நெல்லியை மட்டும் நம்பியும் காலங்கடத்துவோர் நம்மிடையே உளர். மது அருந்தாதோரை ஈரல் நோய் அணுகாது என்பதும் தவறான எண்ணமே. நீரிழிவு, உடற்பருமன், ஹெபடைட்டிஸ் பி, சி வைரசுகள் என்பனவும் ஈரலைச் சிதைக்கவல்லன. ஆரம்பத்திலேயே கண்டறிந்து காரணத்தை நீக்கினால் ஈரல் பெருமளவு மீண்டெழும். நோய் முற்றியபின் அவ்வாய்ப்பு அரிதாகிவிடும். தோல் தரும் எச்சரிக்கையைக் கண்டதும் வைத்தியரை நாடிக் குருதிப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமையாகும்.