அப்பா அம்மாவை பெர்த்துக்கு அழைக்கும் முன்

காலை நிகழ்ச்சியில் பிறந்தநாள் வாழ்த்து நேரத்துக்கு வரும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளில், கிள்ளான், ஈப்போவுக்கு அடுத்து இப்போது பெர்த்தின் பெயர் அடிக்கடி கேட்கிறது. “இங்கேயும் இப்ப ஏழு மணிதாம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்கள். உண்மைதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்துக்கும் நமக்கும் கடிகாரத்தில் ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஐந்தரை மணி நேரம். சாலையில் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

அப்படிப் பேசுகிறவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். ஆசிரியர், கிராணி, தாதி, ரயில்வே ஊழியர் என்று முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் இங்கே உழைத்து ஓய்வு பெற்றவர்கள். மகனோ மகளோ அங்கே படிக்கப் போய், வேலை கிடைத்து, வீடு வாங்கி, குழந்தையும் பிறந்த பிறகு “நீங்க ரெண்டு பேரும் இங்கேயே வந்துடுங்க” என்று அழைத்ததால் போனவர்கள். ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கே வீட்டில் தமிழ் பேசுவோர் 2011-இல் ஏறக்குறைய 50,000 பேர். 2021-இல் அது 95,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த வீடுகளில் தாத்தா பாட்டிகளும் இருக்கிறார்கள்.

அழைக்கும் பிள்ளைகள் அறையைத் தயார் செய்கிறார்கள், விமான டிக்கெட் எடுக்கிறார்கள், குளிருக்கு ஜாக்கெட் வாங்கி வைக்கிறார்கள். எல்லாமே இரண்டு பேருக்கு. அந்த இருவரில் ஒருவர் படுத்துவிட்டாலோ, ஒருவர் மட்டும் மிஞ்சினாலோ மற்றவர் எப்படிச் சமாளிப்பார் என்று பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. பேசினால் அபசகுனம் என்று விட்டுவிடுகிறோம். வெளிநாட்டில் அந்த மௌனத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

எத்தனை ஆண்டு இருக்கலாம்?

முதலில் விசா. “பி.ஆர். எடுத்துடலாம்ப்பா” என்று சொல்வது எளிது. பெற்றோருக்கான நிரந்தர விசாவில் இரண்டு வழிகள் உண்டு. கட்டணம் குறைந்த வழியில் காத்திருக்கும் காலம் 30 ஆண்டுகளுக்கு மேல் என்று ஆஸ்திரேலிய உள்துறையே மதிப்பிடுகிறது. அறுபது வயதில் விண்ணப்பித்தால் தொண்ணூறு வயதில் பதில் வரும். பணம் கூடுதலாகக் கட்டும் வழியில் ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகிறது. அதற்கும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வரிசை நிற்கிறது.

இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ வேண்டும். அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகப் பிள்ளைகள் இருக்க வேண்டும். மூன்று பிள்ளைகளில் ஒருவர் பெர்த்திலும் இருவர் கிள்ளானிலும் இருந்தால் அந்தக் கதவு திறக்காது.

அதனால் பலர் 2019-இல் வந்த தற்காலிகப் பெற்றோர் விசாவை நாடுகிறார்கள். மூன்று ஆண்டுக்கோ ஐந்து ஆண்டுக்கோ கொடுப்பார்கள். மொத்தத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் கிடையாது. தொடங்கியபோது மூன்று ஆண்டுக்கு 5,000 டாலர், ஐந்து ஆண்டுக்கு 10,000 டாலர் என்றிருந்த கட்டணம் இப்போது ஏறியிருக்கிறது. இந்த விசாவில் வேலை செய்ய முடியாது. மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அரசாங்க மருத்துவமனையில் கடன் நின்றால் பிள்ளைதான் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால் 65 வயதில் போகிறவர், வாழ்க்கையிலேயே உதவி அதிகம் தேவைப்படும் 75 வயதில் திரும்பி வர வேண்டியிருக்கலாம். அவர் திரும்பி வர இங்கே ஓர் இடம் இருக்கிறதா?

999 இல்லை, 000

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, கிள்ளான்காரர்கள், மூன்று ஆண்டுகளாக பெர்த்தின் தென்பகுதியில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை ஐந்து பேர் குடும்பத்தைக் கட்டி ஆண்டவர். கிள்ளானில் இருந்தவரை அத்தை தனியாக மார்க்கெட் போவார், கோயில் போவார், சீட்டுப் பணம் வசூலிப்பார். சொந்தமாக வாகனம் ஓட்டத் தெரியாதது ஒரு குறையாகவே பட்டதில்லை. நாலு வீடு தள்ளி ஒருவர் கட்டாயம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருப்பார்.

பெர்த்தில் எல்லாவற்றுக்கும் மாமாதான். கார் ஓட்டுவது அவர், ஆங்கிலம் பேசுவது அவர், வங்கி அட்டை அவரிடம், மருந்துச் சீட்டு அவர் பையில். முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகவே போயின.

போன ஜூலையில், குளிர்கால மழையில், பின்வாசல் படியில் வழுக்கி மாமாவுக்குக் கணுக்கால் முறிந்தது. மகளும் மருமகனும் வேலையில். அத்தை கைப்பேசியை எடுத்து 999-ஐ அழுத்தினார். ஆஸ்திரேலியாவின் அவசர எண் 000. அது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காதது. மகளுக்குப் போன் போட்டு, மகள் அங்கிருந்து அழைத்து, ஆம்புலன்ஸ் வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்தப் பயணக் கட்டணமே 1,000 டாலரைத் தாண்டும். நல்ல வேளையாக அவர்கள் எடுத்திருந்த காப்புறுதியில் அது அடக்கம். எல்லாக் காப்புறுதியிலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 12 மாதம்வரை காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வருகையாளர் காப்புறுதிகளில் சகஜம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள பெற்றோருக்கு அந்த முதல் ஆண்டுதான் ஆபத்தான ஆண்டு. இங்கே அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு டாக்டரைப் பார்த்துப் பழகியவர்கள், அங்கே செலவுக்குப் பயந்து நெஞ்சுவலியைக்கூடச் சொல்லாமல் மறைப்பதுண்டு.

மாமாவால் எட்டு வாரம் காரைத் தொட முடியவில்லை. அத்தைக்கு மருந்துக்கடைக்குப் போகத் தெரியவில்லை. வங்கி அட்டையின் ரகசிய எண் தெரியவில்லை. “நாப்பது வருஷம் குடும்பம் நடத்துனேன், அங்கே பால் வாங்கக்கூட மகளைக் கேட்க வேண்டியதாப் போச்சு” என்று, இந்த முறை ஒரு கல்யாணத்துக்காகக் கிள்ளான் வந்திருந்தபோது சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பக்கத்தில் இருந்த மாமா சிரிக்கவில்லை.

ஒரு வாரம் தனியாக

அதற்குப் பிறகு மகள் செய்தது எல்லாரும் செய்யக்கூடியது. செவ்வாய்க்கிழமை தோறும் விடுப்பு கேட்டு, அம்மாவைப் பேருந்தில் அழைத்துப் போனார். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாம் வாரம் பின் இருக்கையில். நான்காம் வாரம் அம்மா தனியாகப் போய் நூலகத்திலிருந்து மகளுக்கு வீடியோ அழைப்பில் பேசினார். பெர்த்தின் நகர மையத்தில் ‘கேட்’ எனப்படும் இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன. பயணச்சீட்டு பயமில்லாமல் பழக நல்ல இடம். மாமா தன் பங்குக்குச் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். ரசம் இன்னும் வரவில்லையாம்.

பெற்றோரை அழைக்க நினைக்கும் வாசகர்கள் இந்தப் பரீட்சையை முன்கூட்டியே வைத்துப் பாருங்கள். சுற்றுலா விசாவில் அவர்களை இரண்டு, மூன்று மாதத்துக்கு அழையுங்கள். வெயில் காலத்தில் வேண்டாம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, இரவில் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும்போது அழையுங்கள். அதில் ஒரு வாரம் அப்பா அம்மாவின் வேலைகளைச் செய்யட்டும், அம்மா அப்பாவின் வேலைகளைச் செய்யட்டும். கடைக்குப் போவது, மருந்து வாங்குவது, பணம் எடுப்பது, சமைப்பது, அவசர எண்ணை அழைப்பது எப்படி என்று சொல்லிப் பார்ப்பது. ஆங்கிலம் வராது என்றால் 131 450 என்ற எண்ணைத் தாளில் எழுதி ஒட்டுங்கள். அது ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை, தமிழும் உண்டு. அந்த வாரம் எங்கே இடித்ததோ, அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும்.

வீட்டை உடனே விற்காதீர்கள்

“எல்லாத்தையும் வித்துட்டு வாங்க” என்பது பாசத்தில் வரும் பேச்சு. தாமானில் இருக்கும் வீட்டைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்காவது விற்க வேண்டாம். வாடகைக்கு விடுவதானால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக மலேசியாவில் இருப்பவரை, பொதுவாக, வரிக் கணக்கில் இந்நாட்டில் வசிக்காதவராக எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் வாடகை வருமானத்துக்கு 30 விழுக்காடு வரி. போகும் முன் வரி அதிகாரிகளிடம் கேட்டுவிடுவது நல்லது.

இ.பி.எஃப். பணத்தையும் மொத்தமாக எடுத்து டாலராக மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை. 55 வயதிலிருந்து தேவைக்கு எடுக்கலாம். எடுக்காத பணத்துக்கு 100 வயதுவரை ஈவு கிடைக்கும். கிளம்பும் முன் இ.பி.எஃப். கணக்கில் நியமனதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எழுதிய, இப்போது உயிரோடு இல்லாத அம்மாவின் பெயரே இன்னும் இருக்கலாம். உயில் எழுதுங்கள். இருவருக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் ஆஸ்திரேலியக் குடியுரிமை பற்றிய பேச்சு வந்தால் நிதானமாக யோசியுங்கள். அந்நாட்டு அரசாங்கத்தின் முதியோர் ஓய்வூதியமும் உடனே கிடைத்துவிடாது. நிரந்தரவாசியாகப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

அவர்களுக்கென்று ஒரு நாள்

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது சந்தோஷம்தான். வாரத்தில் ஐந்து நாளும் காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை என்றால் அதற்குப் பெயர் வேலை. பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்த வேலையும் போய்விடும். அப்போது கையில் என்ன இருக்கும்? மாமாவின் மனம் தெளிந்தது மகளின் அன்பால் மட்டுமில்லை. வார இறுதித் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆள் தேடியபோது அவரைக் கூப்பிட்டார்கள். அத்தை தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வளர்த்து, கன்று கேட்டு வந்த மூன்று இலங்கைத் தமிழ்ப் பெண்களைத் தோழிகளாக்கிக்கொண்டார். ஊரிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துப் போக முடியாது, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். அதனால் அந்தச் செடிக்கு அங்கே தனி மரியாதை.

பெர்த்தில் மண்டோகலப் பகுதியில் பால முருகன் ஆலயம் இருக்கிறது. எஸ்.பி.எஸ். வானொலியில் தமிழ் ஒலிபரப்பு இருக்கிறது. இருப்பது வேறு, போய்ச் சேர்வது வேறு. கோயில் ஊருக்கு வெளியே, கார் இல்லாமல் போவது சிரமம். அதனால் வாரத்தில் ஒரு நாளைப் பெற்றோருக்கென்று ஒதுக்கி, அவர்கள் சொல்லும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். நம் ஷாப்பிங்கோடு சேர்த்துக்கொண்டு, “போற வழியில கோயிலை எட்டிப் பார்த்துடலாம்” என்பது அந்தக் கணக்கில் வராது.

கடைசியாக ஒன்று. இன்றிரவு அப்பா அம்மாவிடம் பேசும்போது, எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் கேட்காமல், இதையும் தனித்தனியாகக் கேளுங்கள்: “அப்பா இல்லாம நீங்க இங்கே இருப்பீங்களாம்மா? அம்மா இல்லாம நீங்க இருப்பீங்களாப்பா?” முதலில் திட்டுவார்கள். அப்புறம் யோசித்துப் பதில் சொல்வார்கள். அம்மா “நான் ஊருக்கே போயிடுவேன்” என்றால், கிள்ளான் வீட்டின் சாவியைப் பத்திரமாக வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.